வரியைச் சுற்றிப் போகிறவர்களைப் படித்தவர்: பின்லாந்தின் காரி எஸ். டிக்கா

கேள்வி இதுதான்: "பின்லாந்து வரிச் சட்டம் பற்றி எதைப் படித்தாலும் அடிக்குறிப்பில் 'டிக்கா 1972' என்று வருகிறது. யார் இவர்? வரிச் சட்டத்தை வைத்துக்கொண்டு ஒருவர் வாழ்நாள் முழுக்க என்னதான் ஆராய்ச்சி செய்ய முடியும்?"

முதலில் பெயரை முடித்துவிடுவோம். டிக்கா என்றதும் நமக்கு நான் ரொட்டியும் பன்னீரும் ஞாபகம் வரும், எனக்கும் வந்தது. ஃபின்னிஷ் மொழியில் டிக்கா என்றால் மரங்கொத்தி. ஒரே இடத்தில் விடாமல் கொத்திக்கொண்டிருக்கிற பறவையின் பெயர் ஒரு வரிச் சட்டப் பேராசிரியருக்கு அமைந்தது தற்செயல்தான், ஆனாலும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

காரி எஸ். டிக்கா 1944-இல் பிறந்தவர், 2006-இல் இறந்தவர். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் நிதிச் சட்டப் பேராசிரியர். நிதிச் சட்டம் என்பது அங்கே வரிச் சட்டத்துக்கு இருந்த பழைய பெயர்; அரசின் வரவு செலவையும் சேர்த்துப் பார்த்த காலத்தில் வைத்தது. இப்போது நேரடியாகவே 'வெரோ ஓய்கெஉஸ்', வரிச் சட்டம், என்கிறார்கள். 'வெரோ' என்றால் வரி. அந்த நாட்டில் வேலைக்குப் போகிறவர் முதலில் கற்றுக்கொள்ளும் நாலைந்து சொற்களில் இதுவும் ஒன்று, ஏனென்றால் 'வெரோகோர்த்தி' என்கிற வரி அட்டையை முதலாளியிடம் கொடுக்கவில்லை என்றால் முதல் சம்பளத்தில் 60 சதவீதம் பிடித்துவிடுவார்கள்.

பேராசிரியராக இருந்தார், புத்தகம் எழுதினார் என்பதோடு நிறுத்தினால் உங்கள் கேள்விக்குப் பதில் ஆகாது. அவர் வாழ்ந்த காலத்தில் பின்லாந்தின் வரி அமைப்பு இரண்டு முறை தலைகீழாகப் புரண்டது. 1972-க்கும் 2006-க்கும் நடுவில் அங்கே என்ன நடந்தது என்று பார்த்தால்தான் இப்படி ஒருவர் எதற்கு என்பது புரியும்.

1972-இல் வந்த அவருடைய முனைவர் பட்ட நூலின் பெயர் 'வெரோன் மினிமோயின்னிஸ்தா'. தமிழில் 'வரியைக் குறைத்துக்கொள்வதைப் பற்றி' என்று சொல்லலாம். அப்போது அவருக்கு வயது 28. தலைப்பிலேயே விஷயம் இருக்கிறது. நம் ஊர்ப் பேச்சில் வரி கட்டாமல் தப்பிக்கிற எல்லாவற்றையும் 'வரி ஏய்ப்பு' என்று ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். ஃபின்னிஷில் கூடைகள் தனித்தனி. சட்டம் கொடுத்த வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் குறைவாகக் கட்டினால் அது வரித் திட்டமிடல். வருமானத்தை மறைத்தால், பொய்க் கணக்கு காட்டினால் அது மோசடி, குற்றவியல் சட்டத்துக்குப் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாம்பல் நிலம் இருக்கிறது. எதையும் மறைக்கவில்லை, எல்லாக் காகிதமும் ஒழுங்காக இருக்கிறது, ஆனால் பார்த்தாலே தெரிகிறது இது வரிக்காகவே கட்டிய கூடாரம் என்று. அதற்கு அவர்கள் வைத்திருக்கிற வினைச்சொல்லுக்கு 'சுற்றிப் போவது' என்று பொருள். சுங்கச்சாவடியைப் பார்த்ததும் வண்டியைப் பக்கத்து மண் ரோட்டில் இறக்கிச் சுற்றிக்கொண்டு போவோமே, அதுதான். ரோட்டில் போவது குற்றமா? இல்லை. அப்புறம் எதை வைத்துத் தடுப்பது?

பின்லாந்து இதற்கு ஒரே ஒரு பொதுப் பிரிவை வைத்திருக்கிறது. டிக்கா ஆராய்ச்சி செய்த காலத்தில் அது 1958-ஆம் ஆண்டு வரிச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு. 1995-இல் இயற்றிய வரி விதிப்பு நடைமுறைச் சட்டத்தில் அது 28-ஆம் பிரிவாக மாறியது, இன்றும் அப்படித்தான் இருக்கிறது. சாரம் இவ்வளவுதான்: ஒரு காரியத்துக்கு அதன் உண்மையான இயல்புக்கோ நோக்கத்துக்கோ பொருந்தாத ஒரு சட்ட வடிவம் கொடுக்கப்பட்டிருந்தால், சரியான வடிவம் கொடுத்திருந்தால் எப்படி வரி விதிப்போமோ அப்படியே விதிக்க வேண்டும். படிக்க அரை நிமிடம் ஆகும். அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று சொல்ல ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியும் வேலை முடியவில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன், நானே கட்டியது, எண்களும் என்னுடையவை, விதிகள் இப்போது அங்கே நடப்பில் இருப்பவை. ஒருவருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சொந்தமாக ஒரு சின்ன நிறுவனம் இருக்கிறது. அதன் வங்கிக் கணக்கில் 2,00,000 யூரோ சும்மா கிடக்கிறது. டிவிடெண்டாக, அதாவது பங்குதாரருக்கான லாபப் பங்காக, எடுத்தால் டிவிடெண்டுக்கான வரி. அவர் என்ன செய்கிறார், இரண்டாவதாக ஒரு நிறுவனம் தொடங்கி, முதல் நிறுவனத்தின் ஷேர்களை அதற்கு 2,00,000 யூரோவுக்குக் கடனாக விற்றுவிடுகிறார். முதல் நிறுவனம் தன்னிடம் இருக்கிற பணத்தை இரண்டாவதுக்கு டிவிடெண்டாக அனுப்புகிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத உள்நாட்டு நிறுவனங்கள் இரண்டுக்கு நடுவில் அதற்குப் பொதுவாக வரி இல்லை. இரண்டாவது நிறுவனம் அந்தப் பணத்தை வைத்து இவருடைய கடனை அடைக்கிறது. இவர் காட்டுவது 'ஷேர் விற்ற லாபம்'. பின்லாந்தில் பத்து வருடத்துக்கு மேல் வைத்திருந்த சொத்தை விற்றால், வாங்கிய விலைக்கு ஆதாரம் இல்லாவிட்டாலும் விற்ற விலையில் 40 சதவீதத்தைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். ஆக 80,000 யூரோ கேள்வி கேட்காமல் கழிந்துவிடும், மிச்சம் 1,20,000-க்குத்தான் வரி. பணம் அதே பெட்டியிலிருந்து அதே கைக்கு வந்திருக்கிறது. நடுவில் ஒரு நிறுவனப் பெயர்ப்பலகை மட்டும் புதிது.

இதை வரித் துறை 28-ஆம் பிரிவின் கீழ் டிவிடெண்ட் என்று எடுத்துக்கொள்ளலாமா? பெரும்பாலானவர்கள் ஆமாம் என்பார்கள். சரி, இரண்டாவது நிறுவனம் உண்மையிலேயே இன்னும் இரண்டு பேரைப் பங்குதாரர்களாகச் சேர்த்து, வியாபாரத்தை அடுத்த தலைமுறைக்கு மாற்றுவதற்காகத் தொடங்கியது என்றால்? அப்போது அதே காகிதங்களுக்கு வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. அதனால்தான் சட்டமே சொல்கிறது, அதிகாரி எல்லாச் சூழ்நிலையையும் பார்க்க வேண்டும், வரி கட்டுபவர் விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று. இன்னொரு பக்கம், பின்லாந்தின் அரசியல் சட்டம் 81-ஆம் பிரிவில் வரி என்பது சட்டத்தால் மட்டுமே விதிக்கப்பட வேண்டும், யார், எதற்கு, எவ்வளவு என்பதும் சட்டத்திலேயே இருக்க வேண்டும் என்கிறது. அப்படியானால் 'உண்மையான நோக்கம்' என்று ஒரு ரப்பர் சொல்லை அதிகாரியின் கையில் கொடுப்பது சரியா? இந்த இழுபறிதான் இந்தத் துறையின் உயிர். டிக்காவின் நூல் நின்றது இதே இடத்தில். அதனால்தான் இவ்வளவு வருடம் கழித்தும் 28-ஆம் பிரிவைத் தொடுகிற ஆராய்ச்சிகள் 'டிக்கா 1972'-ஐத் தாண்டிப் போக முடியாமல் இருக்கின்றன.

அங்கே முனைவர் பட்டம் வாங்குவது எப்படி நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது எனக்குப் பிடித்த விஷயம். நூலை முதலில் அச்சிட்டுப் பொதுவில் வைத்துவிடுவார்கள். குறித்த நாளில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரக்கூடிய அரங்கில், ஆராய்ச்சியாளர் இருபது நிமிடம் போலப் பேசித் தொடங்குவார், பிறகு 'எதிர்வாதி' என்ற பொறுப்பில் வந்தவர் மணிக்கணக்கில் நூலைப் பிரித்து மேய்வார். கடைசியில் ஆராய்ச்சியாளர் எழுந்து, என் நூலுக்கு ஆட்சேபணை உள்ளவர் யாராவது இருந்தால் எழுந்து கேளுங்கள் என்று சபையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அன்று மாலை விருந்து. அந்த விருந்து எதிர்வாதியின் கௌரவத்துக்காக, செலவு ஆராய்ச்சியாளருடையது. காலையில் தன்னை வறுத்தவருக்கு மாலையில் சோறு போட வேண்டும். பிற்பாடு பட்டமளிப்புச் சடங்கில் உயரமான தொப்பியும் வாளும் உண்டு. வரிச் சட்டம் படித்தவர் கையில் வாள் எதற்கு என்று கேட்கக் கூடாது.

சரி, பேராசிரியர் ஒருவர் எழுதியதற்கு நீதிமன்றத்தில் என்ன மதிப்பு? பின்லாந்துச் சட்டத் தத்துவத்தில் ஆவுலிஸ் ஆர்னியோ என்பவரின் பெயரோடு சேர்ந்து பேசப்படுகிற ஒரு வகைப்பாடு உண்டு. சட்டம் கட்டாயம் பின்பற்ற வேண்டியது. சட்டம் உருவானபோது எழுதிய முன்தயாரிப்பு ஆவணங்களும் உயர் நீதிமன்றங்களின் முன்னுதாரணங்களும் அதற்கு அடுத்த படி, காரணம் சொல்லாமல் விலக முடியாது. அறிஞர்களின் நூல்கள் மூன்றாவது படி: பயன்படுத்திக்கொள்ளலாம், கட்டாயம் இல்லை. தீர்ப்புகளில் பேராசிரியரின் பெயரைப் போடுவதும் அரிது. ஆனால் காகிதத்தில் இருக்கிற இந்த மூன்றாம் படியை நம்பி ஏமாறக் கூடாது. 56 லட்சம் சொச்சம் பேர் உள்ள நாடு. வரிச் சட்டத்தில் ஆழ்ந்தவர்கள் ஒரு பெரிய கல்யாண மண்டபத்தின் பந்தியில் உட்கார்ந்துவிடக்கூடிய கூட்டம். தீர்ப்பு எழுதுகிறவரும், வரித் துறையின் வழிகாட்டுதலை எழுதுகிறவரும், வாதாடுகிற ஆலோசகரும் பெரும்பாலும் ஒரே சில பாடப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர்கள். டிக்கா பின்னாளில் எழுதிய 'நிறுவன வரி விதிப்பின் அடிப்படைகள்' என்ற நூலும், மற்றவர்களோடு சேர்ந்து எழுதிய இரண்டு தொகுதி 'நிறுவன வரி விதிப்பு' நூலும் அப்படி மேஜையில் இருந்தவை. நாடாளுமன்றத்தின் நிதிக் குழுவும், சட்டம் அரசியலமைப்புக்கு ஒத்து வருகிறதா என்று பார்க்கும் குழுவும் வரி மசோதாக்களில் பேராசிரியர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பது வழக்கம். மேற்கோள் இல்லாமலே செல்வாக்கு என்பது இப்படித்தான் வேலை செய்கிறது. எனக்கு இதில் ஒரு சங்கடமும் உண்டு. இவ்வளவு சின்ன வட்டத்தில் ஒருவர் தவறாக ஒன்றை எழுதிவிட்டால் எதிர்த்து எழுத ஆள் கிடைப்பதும் கஷ்டம்.

இப்போது முதல் புரட்டலுக்கு வருவோம். 1980-களின் கடைசி வரை, சம்பளம் ஆனாலும் வாடகை ஆனாலும் பெரும்பாலும் வருமானம் கூடக் கூட ஒரே படிக்கட்டில் ஏறுகிற வரி, அதற்குள் ஏகப்பட்ட விலக்குகள். கடன் வாங்கி வட்டியைக் கழித்துக்கொள்வது லாபம், அதனால் கடன் வாங்கினார்கள். 1990-இல் நிறுவன வரியை ஈடு செய்யும் முறை வந்தது: நிறுவனம் ஏற்கனவே கட்டிய வரியைப் பங்குதாரர் தன் வரியில் கழித்துக்கொள்ளலாம். 1993-இல் இரட்டை வருமான வரி. அதாவது சம்பளத்துக்குப் படிக்கட்டு வரி அப்படியே இருக்கும். வட்டி, வாடகை, டிவிடெண்ட், விற்பனை லாபம் என்கிற மூலதன வருமானத்துக்குத் தட்டையாக 25 சதவீதம். நிறுவன வரியும் அதே 25. இரண்டையும் ஒரே எண்ணில் வைத்ததில்தான் சூட்சுமம். சோவியத் வியாபாரம் விழுந்து, வங்கிகள் தள்ளாடி, வேலையின்மை தலைக்கு மேல் போன காலம் அது. அந்த நேரத்தில் பணக்காரரின் வருமானத்துக்கு மட்டும் தட்டை வரியா என்று கோபம் வந்தது நியாயம்தான். ஆனால் சுவீடன், நார்வே இரண்டும் அதற்கு ஓரிரு வருடம் முன்பே அதே வழியில் போயிருந்தன. பணம் எல்லை தாண்டிப் போகும், ஆள் அவ்வளவு எளிதில் போக மாட்டார் என்பதுதான் கணக்கு.

வரிச் சட்ட அறிஞர்களுக்கு இதனால் வேலை குறையவில்லை, இரட்டிப்பானது. இரண்டு விகிதம் என்றாலே நடுவில் ஒரு வேலி. வேலி இருந்தால் தாண்ட ஆள் இருப்பார்கள். தன் சொந்த நிறுவனத்தில் தானே உழைக்கிற பல் மருத்துவர் எடுக்கிற பணம் சம்பளமா, மூலதன வருமானமா? நிறுவனத்தின் நிகரச் சொத்தில் ஒரு குறிப்பிட்ட சதவீதம் வரை மூலதன வருமானம், அதற்கு மேல் சம்பளம் மாதிரி என்று ஒரு செயற்கைக் கோடு போட்டார்கள். அந்தக் கோடு அதற்கப்புறம் எத்தனை முறை இடம் மாறியது என்று எழுதினாலே ஒரு நூல் ஆகும்.

அடுத்தது 1995. பின்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. வருமான வரி அந்தந்த நாட்டின் அதிகாரம்தான், ஒன்றியம் கை வைக்காது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது பாதி உண்மை. மூலதனம் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குத் தடையில்லாமல் போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வாக்கியம், பின்லாந்து பெருமையோடு கட்டிய அந்த ஈடு முறையை அடியோடு சாய்த்தது. இதுதான் மான்னினென் வழக்கு. ஐரோப்பிய வரிச் சட்டம் படிக்கிற யாரும் இதைத் தாண்டிப் போக முடியாது.

பின்லாந்தில் வசிக்கிற மான்னினென் என்பவர் சுவீடன் நிறுவனம் ஒன்றின் ஷேர் வைத்திருக்கிறார். டிவிடெண்ட் வருகிறது. உள்நாட்டு நிறுவனத்தின் ஷேராக இருந்தால் கணக்கு இப்படி இருக்கும். நிறுவனத்தின் லாபம் 100. அப்போதைய நிறுவன வரி 29. பங்குதாரருக்கு 71 வருகிறது. அதோடு டிவிடெண்டில் 71-க்கு 29 என்ற விகிதத்தில், அதாவது 29, ஈடாகக் கிடைக்கிறது. அவருடைய வருமானம் 100 என்று வைத்து 29 சதவீதம் வரி போட்டால் 29. ஈட்டைக் கழித்தால் பூஜ்யம். கையில் 71 நிற்கிறது. சுவீடன் நிறுவனம் என்றால்? லாபம் 100, அங்கே வரி 28, டிவிடெண்ட் 72. பின்லாந்து அந்த 72-க்கு 29 சதவீதம், 20 யூரோ 88 சென்ட். (டிவிடெண்டிலிருந்து சுவீடன் பிடித்துக்கொள்கிற வரியும் இதற்குள் அடங்கிவிடும்.) ஈடு கிடையாது. கையில் 51 யூரோ 12 சென்ட். அடுத்தடுத்து இருக்கிற இரண்டு நாடு, ஒரே ஒன்றியம், ஒரே 100 யூரோ, இருபது யூரோ வித்தியாசம்.

மான்னினென் முதலில் போனது மத்திய வரி வாரியத்திடம். இது பின்லாந்து முறையின் நல்ல அம்சம்: ஒரு காரியத்துக்கு வரி எப்படி வரும் என்று முன்கூட்டியே கேட்டு முடிவு வாங்கலாம், அதைப் பிடிக்கவில்லை என்றால் வரி வழக்குகளுக்குக் கடைசிப் படியான உச்ச நிர்வாக நீதிமன்றத்துக்கே நேராக மேல்முறையீடு போகலாம். வாரியம் ஈடு கிடையாது என்றது. உச்ச நிர்வாக நீதிமன்றம் லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றத்திடம் கேட்டது. 2004 செப்டம்பர் 7-ஆம் தேதி பதில் வந்தது: இது மூலதனத்தின் போக்குவரத்துக்குத் தடை, செல்லாது; சுவீடன் நிறுவனம் அங்கே கட்டிய வரியைக் கணக்கில் எடுத்து ஈடு கொடுக்க வேண்டும். எங்கள் வரி அமைப்பின் ஒத்திசைவு கெட்டுவிடும் என்று பின்லாந்து வாதாடியது, எடுபடவில்லை. சுவீடன் கஜானாவுக்குப் போன வரிக்கு நாங்கள் ஏன் ஈடு கொடுக்க வேண்டும் என்ற ஆதங்கம் மனித சுபாவப்படி புரிகிறது. ஆனால் வருவாய் குறையும் என்பது ஒரு காரணமே அல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், தீர்ப்பு வருகிற வரைக்கும் பின்லாந்து அரசு காத்திருக்கவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்து, ஈடு முறையையே எடுத்துவிடும் சட்டத்தை 2004 கோடையிலேயே நிறைவேற்றிவிட்டார்கள். ஜெர்மனி அதற்குச் சில வருடம் முன்பே தன்னுடையதைக் கைவிட்டிருந்தது. 2005 முதல் நிறுவன வரி 26, மூலதன வரி 28, டிவிடெண்டில் ஒரு பகுதிக்கு மறுபடியும் வரி. அடுத்த வருடம், ஒருவரின் மொத்தச் சொத்து மதிப்பின் மேல் போட்ட செல்வ வரியும் ஒழிந்தது. இன்று நிறுவன வரி 20 சதவீதம், மூலதன வருமானத்துக்கு 30, அது 30,000 யூரோவைத் தாண்டினால் மேற்பட்ட பகுதிக்கு 34. பங்குச் சந்தை நிறுவனத்தின் டிவிடெண்டில் 85 சதவீதம் வரிக்கு உட்பட்டது. பட்டியலில் இல்லாத நிறுவனத்துக்கு வேறு கணக்கு: ஷேரின் மதிப்பில் 8 சதவீதம் வரை, வருடத்துக்கு 1,50,000 யூரோ வரை, கால்வாசிக்கு மட்டும் வரி. பழைய முறையின் அழகான ஒற்றை எண் எங்கே, இந்த ஒட்டுப்போட்ட துணி எங்கே. டிக்கா தன் கடைசி வருடங்களில் இந்தப் புதிய அமைப்பையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அவரை மட்டும் சொல்லி முடித்தால் தப்பாகிவிடும். அதே ஹெல்சிங்கியில் எட்வர்ட் ஆண்டர்சன் இருந்தார், சுவீடிஷ் பேசும் சமூகத்திலிருந்து வந்தவர். அவருடைய 'வரிச் சட்டத்துக்கு அறிமுகம்' பல தலைமுறை மாணவர்கள் கையில் இருந்த நூல். பின்லாந்தின் சட்டங்கள் எல்லாமே ஃபின்னிஷ், சுவீடிஷ் இரண்டிலும் வரும், இரண்டும் சம அதிகாரம். அதனால் அங்கத்திய அறிஞர் சுவீடன் தீர்ப்பையும் முன்தயாரிப்பு அறிக்கையையும் மொழிபெயர்ப்பு இல்லாமல் படித்துவிடுவார். அடுத்த தலைமுறையில் மார்யானா ஹெல்மினென். சர்வதேச வரிச் சட்டத்தில் டிவிடெண்ட் என்றால் என்ன என்பதை வைத்து அவர் எழுதிய நூல் 1999-இல் ஆங்கிலத்திலேயே வந்தது. 'வரியைக் குறைத்துக்கொள்வதைப் பற்றி' ஃபின்னிஷில், டிவிடெண்ட் பற்றி ஆங்கிலத்தில்: இருபத்தேழு வருடத்தில் இந்தத் துறையின் வாசகர்கள் யார் என்பதே மாறிவிட்டது.

நீங்கள் அங்கே போய்ப் படிக்கிற யோசனையில் கேட்டிருந்தால் ஒரு விஷயம். ஐரோப்பிய வரிச் சட்டமும் சர்வதேச வரி ஒப்பந்தங்களும் ஆங்கிலத்தில் ஓட்டிவிடலாம், ஹெல்மினெனின் நூல்களிலிருந்து தொடங்குங்கள். உள்நாட்டு வரிக்கு, குறிப்பாக அந்த 28-ஆம் பிரிவுக்கு, ஃபின்னிஷோ சுவீடிஷோ இல்லாமல் வேலைக்கு ஆகாது. அரசின் ஃபின்லெக்ஸ் தளத்தில் சட்டங்களும் உச்ச நிர்வாக நீதிமன்றத்தின் முன்னுதாரணத் தீர்ப்புகளும் இலவசமாகக் கிடைக்கும். மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு ஒரு நாலைந்து 28-ஆம் பிரிவு வழக்குகளைப் படித்துப் பாருங்கள். இரண்டு தரப்பின் காகிதங்களும் ஒழுங்காக இருக்கிற வழக்கில் யார் ஜெயித்தார்கள் என்று, தீர்ப்பைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் ஊகத்தை எழுதி வைத்துவிட்டுப் படியுங்கள். நான் முதல் தடவை செய்தபோது ஐந்தில் மூன்று தப்பு.